சுவரில் ஏறிய வெள்ளைக்காரர்

தமிழர் வீட்டுச் சுவரில் ஒருவர் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் சாமி. அடுத்து செத்துப்போனவர்கள், மாலையும் பொட்டும் சின்னச் சிவப்பு விளக்குமாக. அதற்கும் அடுத்து காந்தியோ பெரியாரோ எம்.ஜி.ஆரோ, அந்த வீட்டுத் தாத்தாவின் அரசியலைப் பொறுத்தது. பட்டமளிப்புப் படத்துக்கு மூன்று வருஷம் படித்தாக வேண்டும். கல்யாணப் படத்துக்குக் கல்யாணமே செய்துகொண்டாக வேண்டும். சும்மா யாரையும் ஆணியில் மாட்ட மாட்டோம்.

இப்போது மாட்டுகிறோம். என் வயதுக்காரர்கள் வீடு வாங்கினால் சாவி கைக்கு வருவதற்கு முன்பே ‘வால் ஆர்ட்’ தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். இணையக் கடைகளில் சட்டத்தோடு வருகிறது. வாழையிலை, கோட்டுச் சித்திரம், மழை பெய்யும் பாரிஸ் தெரு. இவற்றோடு, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களின் பழங்கால உருவப்படங்கள். கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருந்தால் வீட்டுக்கு ஒரு ‘கிளாஸ்’ வந்துவிடுமாம்.

பூச்சோங்கில் அண்ணன் வாங்கியிருக்கும் கொண்டோவில் அப்படி ஒருவர் இருக்கிறார். அண்ணிக்குப் பீங்கான் சாமான்கள் என்றால் உயிர். சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவரில் மரத்தட்டு அடித்து, தேநீர்க் கோப்பைகளை அழகாக அடுக்கியிருக்கிறார். அதற்குப் பொருத்தமாக மேலே ஒரு பெரிய படம். சுருள் சுருளான பொய்முடி, கையில் ஒரு சின்ன வெள்ளைக் கோப்பை, அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும் முகம். கீழே ஆங்கிலத்தில் ‘பீங்கான் முன்னோடி’ என்று அச்சடித்து ஒரு பெயர்: யோஹான் ஃபிரீட்ரிஷ் பொட்கர்.

“யாரு அண்ணி இவரு?”

“தெரியலம்மா. கலர் செட் ஆச்சு, வாங்கிட்டேன்.”

நேர்மையான பதில். எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆணியில் முதல் ஒரு மாதம் எங்கள் பாட்டி இருந்தார். படம் ரொம்ப இருட்டாக இருக்கிறது, அந்தச் சுவருக்கு எடுபடவில்லை என்று துண்டில் சுற்றி ஸ்டோர் ரூமில் வைத்தாகிவிட்டது. அண்ணனோடு இருக்கும் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சத்தம் போடுகிற அப்பாவை எனக்குப் பழக்கம். பேசாத அப்பாவைத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

எங்கள் பாட்டியின் இடத்துக்கு வந்தவர் யார் என்றாவது தெரிந்துகொள்வோம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். காலை நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடத் தகவல் ஒன்று தேறும் என்ற தொழில் ஆசையும் உண்டு. இரண்டு நிமிடத்தில் அடங்கும் ஆள் இல்லை அவர்.

பொட்கர் 1682இல் ஜெர்மனியின் ஷ்லைஸ் என்ற ஊரில் பிறந்தவர். பெர்லினில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகிய பையன். நம் ஊர்களில் ரசவாதம் என்பார்களே, சாதாரண உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை, அந்தப் பித்து அவருக்குத் தலைக்கேறியிருந்தது. வெள்ளிக் காசைப் பொன்னாக்கிக் காட்டுகிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. கைவித்தையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கஜானா காலியாக இருக்கும் ராஜாக்களின் காதில் இப்படிப்பட்ட செய்தி விழக்கூடாது. பிரஷ்யாவின் மன்னர் ஆளைப் பிடிக்கச் சொன்னார். 1701இல் பையன் எல்லை தாண்டி சாக்சனி நாட்டு விட்டன்பர்க் நகரத்துக்கு ஓடினார். அப்போது வயது 19.

சாக்சனியை ஆண்டவர், போலந்துக்கும் மன்னராக இருந்த அகஸ்டஸ். ‘வலிமைமிக்கவர்’ என்று பட்டம். பிரஷ்யா பையனைத் திருப்பிக் கேட்டது. அகஸ்டஸ் கொடுப்பாரா? டிரெஸ்டனுக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார். ‘பொன் செய்து கொடு, விட்டுவிடுகிறேன்.’ செய்ய முடியாத ஒன்றைச் செய்வதாக ஊரை நம்ப வைத்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எது? 1703இல் ஒருமுறை தப்பித்து ஆஸ்திரியாவரை போய்விட்டார். பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அண்ணி வீட்டுப் படத்தில் இந்தக் காவலாளிகள் இல்லை. நான் சொல்லும்வரை அவர் சிறையிலிருந்த மனிதர் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதே அகஸ்டஸுக்கு இன்னொரு வியாதி இருந்தது: சீனப் பீங்கான். அவர் வாங்கிக் குவித்ததில் ஒரு பகுதி இன்றும் டிரெஸ்டனின் ஸ்விங்கர் மாளிகையில் இருக்கிறது. 1717இல் தம் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். வீட்டில் யாராவது ஆன்லைனில் கோப்பை வாங்கிக் குவிக்கிறார்கள் என்று கோபம் வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாடிக்கு ஏறக்குறைய நாலு ஆள்.

ஏன் இந்தப் பைத்தியம் என்றால், பீங்கான் எப்படிச் செய்வதென்று அன்றைய ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. சீனாவில் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஐரோப்பாவிலோ முட்டை ஓட்டைப் பொடித்துச் செய்வது, சிப்பியை நூறு வருஷம் மண்ணில் புதைத்துச் செய்வது என்றெல்லாம் கதை கட்டிக்கொண்டிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தார் முயன்று, பார்ப்பதற்கு அதுபோல இருக்கும் ஒன்றைத்தான் செய்ய முடிந்தது.

விஷயம் இரண்டே இரண்டு. ஒன்று, சரியான வெள்ளைக் களிமண், அதாவது கயோலின். சீனாவில் சிங்தெசென் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் காவ்லிங் என்ற இடத்தின் பெயர்தான் இப்படி மருவியது. இன்னொன்று, நெருப்பு. சாதாரண மண்பானை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்குள்ளேயே வெந்துவிடும். பீங்கானுக்கு 1,300, 1,400 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் களிமண்ணோடு கலந்த கல் உருகிக் கண்ணாடிபோல ஊடுருவும். அதனால்தான் நல்ல பீங்கானை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது, சுண்டினால் மணி மாதிரி கேட்கிறது.

இங்கேதான் படத்தில் இல்லாத இரண்டாவது ஆள் வருகிறார். எரன்ஃபிரீட் வால்தர் ஃபொன் சிர்ன்ஹவுஸ். கணித மேதை. லைப்னிட்ஸ், ஸ்பினோசா போன்றவர்களோடு பழகியவர். பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். பெரிய பெரிய ஆடிகளையும் வில்லைகளையும் வைத்து வெயிலை ஒரு புள்ளியில் குவித்து, எந்த மண் எந்தச் சூட்டில் உருகும் என்று பல வருஷம் சோதனை செய்துகொண்டிருந்தவர். பொட்கர் பொன் தேடிக்கொண்டிருந்தபோதே பீங்கானைத் தேடிக்கொண்டிருந்தவர் இவர்தான். பொன்னுக்காக அடைத்து வைத்திருந்த பையனை மண் பக்கம் திருப்பியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1707இல் டிரெஸ்டன் கோட்டைச் சுவரின் அடியிலிருந்த நிலவறைகளில் பொட்கருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்கள். ஃபிரைபர்க் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் உதவிக்கு. மேலே காவல், கீழே உலை. 1708 ஜனவரி 15 தேதியிட்ட ஆய்வுக்குறிப்பு ஒன்று இருக்கிறது. ஏழு கலவைகளின் பட்டியல். ஒன்று வெறும் களிமண், மற்றவை களிமண்ணும் அலபாஸ்டர் கல்லும் வெவ்வேறு விகிதத்தில். சில கலவைகள் வெள்ளையாக, ஒளி ஊடுருவும்படி வந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். ஆடம்பரமாக ஒரு வரி கிடையாது. ஐரோப்பா இத்தனை காலம் தேடியது, ஒரு கைதியின் சமையல் குறிப்பு மாதிரி ஒரு தாளில் கிடக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1709 மார்ச் 28ஆம் தேதி, வெள்ளைப் பீங்கான் செய்ய வந்துவிட்டது என்று மன்னருக்கு எழுதியது பொட்கர். கண்டுபிடித்தது யார் என்ற சண்டை அன்று ஆரம்பித்தது, ஆய்வாளர்களிடையே இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், வழியைக் காட்டியவர் பெரியவர், கடைசிவரை உலை முன்னால் நின்றவன் சின்னவன். ஒரு படத்தில் இரண்டு பேரும் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் இருந்தால் ‘முன்னோடி’ என்று ஒருமையில் அச்சடிக்க முடியாதே.

1710 ஜனவரியில் ஆலை தொடங்குவதாக அரச ஆணை வந்தது. மைசன் நகரில், எல்பே ஆற்றின் மேல் நிற்கும் அல்பிரெக்ட்ஸ்பூர்க் கோட்டைக்குள் அதை வைத்தார்கள். குன்றின் மேல் கோட்டை, அதற்குள் உலை. அழகுக்காக அல்ல, ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காக. மண் கலவை ஒருவருக்குத் தெரியும், மேற்பூச்சு இன்னொருவருக்குத் தெரியும், முழுவதும் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அப்படியும் 1719இல் ஷ்டோல்ட்சல் என்ற தொழிலாளி வியன்னாவுக்கு ஓடிப்போய் அங்கே பீங்கான் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

பொட்கருக்கு விடுதலை 1714இல்தான் கிடைத்தது. ஆலை தொடங்கி நாலு வருஷம் கழித்து. அதற்குள் உலைப்புகையும் குடியும் சேர்ந்து உடம்பைத் தின்றுவிட்டிருந்தன. 1719 மார்ச் 13ஆம் தேதி, 37 வயதில் இறந்தார். எனக்கும் அவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். இதைப் படித்த அன்று காலை நிகழ்ச்சியில் கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தேன்.

சரி, அந்த முகம்? அண்ணி வாங்கிய படத்தின் பாணியைப் பார்த்தாலே தெரிகிறது, அவர் காலத்தில் வரைந்தது இல்லை. ஆலை 1863வரை கோட்டையில் இருந்து, பிறகு வேறு கட்டடத்துக்குப் போனது. காலியான கோட்டையைப் புதுப்பித்து, சுவர்கள் முழுக்க வரலாற்று ஓவியங்கள் தீட்டினார்கள். பால் கீஸ்லிங் என்ற ஓவியர் தீட்டிய பொட்கரும் அங்கே உண்டு. ஆள் போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து. அடைத்து வைத்த அரசு, அவர் தொழில் நடந்த கோட்டைச் சுவரிலேயே அவரை நாயகனாக ஏற்றிவிட்டது. நம்மிடையே புழங்கும் ‘பழங்கால உருவப்படம்’ பலவும் இப்படித்தான். ஒருவரைக் கொண்டாட முடிவு செய்த பிறகு முகத்தைத் தயார் செய்வது.

வானொலியில் இருப்பதால் எனக்கு இது புரியும். நேயர்கள் என்னை நேரில் பார்த்தால் ஒரு கணம் தயங்குகிறார்கள். “நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார் ஒரு அம்மா, கிள்ளான் தேவி ஸ்டோருக்கு எதிரே. குரலுக்கு அவர் வீட்டிலேயே ஒரு முகம் வரைந்து வைத்திருந்தார். அசல் முகம் அதற்கு இடைஞ்சல்.

எங்கள் பாட்டியின் படமும் அப்படிச் செய்ததுதான். அவர் உயிரோடிருந்தபோது எடுத்த ஒரே படம் ஐசியில் இருந்த சின்னக் கறுப்பு வெள்ளை முகம். இறந்த பிறகு அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். கழுத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர் தன் கற்பனைக்குச் சரிகைக்கரைப் பட்டுச்சேலை வரைந்தார். காதில் தோடு வைத்தார். பாட்டி வாழ்நாளில் உடுத்தியிராத சேலை அது. இந்த நாட்டில் எத்தனை தமிழ் வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன, கோட்டே போடாத தாத்தாக்கள் கோட்டு டையோடு! பொட்கருக்கு அரசாங்கம் செய்ததை எங்கள் பாட்டிக்குக் கிள்ளான் ஸ்டூடியோ செய்திருக்கிறது. கூலி மட்டும் குறைவு.

‘முன்னோடி’ என்ற சொல் மேல் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனால், 1998இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்கருகே கிடைத்த கப்பலின் சரக்கைப் பார்க்கலாம். 9ஆம் நூற்றாண்டுக் கப்பல். சுமார் 60,000 மண்பாண்டங்கள், பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா வட்டாரத்துக் கிண்ணங்கள். அவற்றை வனைந்தவர்களில் ஒருவருக்கும் சுவரில் படம் இல்லை. நாம் சொல்லும் ‘பீங்கான்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்பவர்கள். தட்டுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் ‘பிங்கான்’ அதன் உடன்பிறப்பு. சீனன் செய்தது, பாரசீகன் பெயர் வைத்தது, நாம் சோறு போட்டது. பொட்கர் ஐரோப்பாவுக்குத்தான் முன்னோடி. அது சின்ன விஷயமில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லை அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் போன வாரம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அண்ணி ஆர்வமாகத்தான் கேட்டார். “பாவம்டி” என்று படத்தை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் 600 குதிரைவீரர் கணக்கில் சிரித்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவனும் பீங்கானோட கெடந்தவன்தானா” என்றார்.

‘அவனும்’ என்ற சொல் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“உங்க பாட்டி கையில ஒரு நாளைக்கு எத்தன மங்கு போயிருக்கும்னு நெனக்கிற?”

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மங்கு என்றால் தெரியும். பால்மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்து பால் பிடிக்கும் கிண்ணம். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் பலவும் சுட்ட மண், உள்ளே வழவழவென்று பூச்சு. பீங்கான் என்று சொல்ல முடியாது, பீங்கானின் ஏழைச் சொந்தக்காரன். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு காலத்தில் மலைச்சரிவில் பாம்புபோல நீளும் ‘டிராகன்’ சூளைகள் இருந்தன. தோட்டங்களுக்கு வேண்டிய மங்குகளை அங்கே விறகு போட்டுச் சுட்டார்கள். சீனத் தொழிலாளி சுட்டதைத் தமிழ்த் தொழிலாளி மரத்தில் மாட்டினார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை.

அப்பா பேச ஆரம்பித்தார். விடியும் முன் பாட்டியோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்தது. முந்தின நாள் பால் உள்ளே காய்ந்து தோல்மாதிரி ஒட்டியிருக்கும், விரலை விட்டு ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். பூச்சு நன்றாக இருக்கும் மங்கில் முழுசாக வரும், பூச்சு போனதில் பிய்ந்து பிய்ந்து வரும். விளிம்பு உடைந்த மங்கில் பாட்டியின் கட்டைவிரலில் ஒரு வெட்டு விழுந்து, அது கடைசிவரை ஒரு கோடாக இருந்தது. மழை வந்துவிட்டால் மங்கு எல்லாம் தண்ணீர், அன்றைய பால் போச்சு, கூலியும் போச்சு. மழை வரும்போல இருந்தால் பாட்டி ஆகாயத்தைப் பார்க்க மாட்டாராம். கையில் இருக்கும் மங்கைத்தான் பார்ப்பாராம்.

“ஸ்டூடியோக்காரன் அந்த வெட்டப் போடல” என்றார் அப்பா. “கையே போடல. கழுத்தோட நிப்பாட்டிட்டான்.”

அண்ணி எழுந்து போய் ஸ்டோர் ரூம் விளக்கைப் போட்டார். துண்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “மாமா, அத்தப்பாட்டி பேரு முழுசா என்னா? ஐசில எப்படி எழுதியிருக்கும்?” என்று கேட்டார். அப்பா சோற்றுக் கையோடு யோசித்தார். பதிவு செய்த குமாஸ்தா எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டதால், ஐசியில் ஒரு பெயர், தோட்டத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி போனில் தட்டெழுதிக்கொண்டே, “மெதுவா சொல்லுங்க மாமா” என்றார்.